ஒட்டகப் படம் போட்ட கம்பளம் அனுப்பவும்

பொன்னமராவதி,
மாசி முதல் வாரம், புதன்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் கலந்த சரவணக்குமார் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகள் அன்புமொழி, எட்டாம் வகுப்பிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா நலம். அப்பாவும் நலமாகத்தான் இருக்க வேண்டும், அறுப்பு நேரம் என்பதால் யாரும் கிட்டப் போய் விசாரிக்கவில்லை. தம்பி ரகுநாத் முன்பல்லில் பாதி குறைய நலம். அப்பாவின் அக்கா செவந்தி அத்தை மிக மிக நலம். ஷார்ஜாவில் நீங்களும் உங்கள் அறை நண்பர்களும் நலமாக இருக்க வேண்டும் என்றும், உங்கள் சூப்பர்வைசருக்கு நல்ல புத்தி வந்து அடுத்த விசேஷத்துக்காவது லீவு தர வேண்டும் என்றும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன முறை ஊருக்கு வந்தபோது, போனில் பேசினால் காற்றோடு போய்விடும், நல்ல தமிழில் ஒரு கடுதாசி எழுது, அங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டுவேன் என்றீர்கள் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் நடுவில் ஒரு பகுதியை மட்டும் நண்பர்களுக்குப் படிக்காதீர்கள். அது எது என்று வரும்போது உங்களுக்கே தெரியும்.

மாமா, விஷயம் அவசரம். சனிக்கிழமைக்குள் நீங்கள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் என் அறையில் நெல் மூட்டைகள் குடியேறிவிடும்.

முதலிலிருந்து சொல்கிறேன். புது வீட்டு வரைபடத்தில் இன்ஜினியர் மேற்கு மூலை அறைக்குள் 'கிட்ஸ் பெட்ரூம்' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மேசை, மேசையில் என் புத்தகங்கள், நான் படிக்கும்போது யாரும் "கொஞ்சம் எந்திரிம்மா, கூட்டணும்" என்று சொல்லாத ஓர் இடம் என்று மனதுக்குள் முழு அறையையும் கட்டி முடித்துவிட்டேன். கொத்தனார் பிறகுதான் கட்டினார். ஆனால் பூச்சு வேலை முடிந்த அன்று அப்பா உள்ளே போய் நின்று நாலு மூலையையும் பார்த்துவிட்டு, "நெல்லு அடுக்க நல்ல வாட்டமான ரூமு" என்றார். அம்மா சண்டை போட்டு அதை எங்களுக்கு மீட்டுக் கொடுத்தார். அதோடு முடிந்திருக்கும் மாமா, டைல்ஸ் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும் என்று அப்பா தேடிப்பிடித்த டைல்ஸ் அது, உண்மையிலேயே முகம் தெரிகிறது, தம்பி குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்து தன் முகத்தைப் பார்க்கக் குனிந்தபோதுதான் வழுக்கி விழுந்து பாதிப் பல்லை அங்கேயே விட்டான். தரையில் ஏதாவது விரிக்காமல் பிள்ளைகளை அங்கே படுக்க வைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சந்தோஷம், மூட்டை வழுக்கி விழாது என்றார். உடனே நான் கோரைப்பாயை விரித்தேன். தம்பி தூரத்திலிருந்து ஓடிவந்து அதில் உட்கார, பாய் அவனையும் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. அது அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிறகு ஜமுக்காளம் விரித்தோம். அதன் ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்து, "அக்கா, பொன்னமராவதி ஒரு டிக்கெட்" என்றான்.

அப்போதுதான் நீங்கள் வீடியோ காலில் வந்து, அடியில் ரப்பர் வைத்த கம்பளம்தான் நகராது, அன்புமொழியே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும், புதுமனைக்கு என்னுடைய தாய்மாமன் சீர் அதுதான் என்றீர்கள். மாமா, அன்று நான் சாப்பிடவே இல்லை, பசி வரவில்லை. நானே தேர்ந்தெடுக்கும் முதல் பெரிய பொருள் அது. அறையை அளந்தேன், கட்டிலை அளந்தேன், கதவு திறக்கும் வட்டத்தைக்கூட அளந்தேன். அம்மா, தம்பி, நான் மூவரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்க் கடை கடையாக ஏறினோம். முதலில் பார்த்தது புல் மாதிரி நீள நீளமான முடியுள்ள பச்சை. எனக்குப் பிடித்தது, அம்மா அதற்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டு, இதற்குள் ஒரு தேள் குடும்பமே நடத்தலாம் என்றார். சிவப்பைக் காட்டினார்கள், அதில் நடந்தால் யாராவது மாலை போடுவார்களோ என்று தோன்றுகிறது என்றார். கறுப்பு, புது வீட்டுக்கு முதல் பொருளாக ஆகாது. வெள்ளையை விரித்ததும் அம்மா தம்பியின் காலைப் பார்த்தார். புலிமுகம் போட்டதை விரித்தபோது தம்பி அழுதான். சாலையும் சிக்னலும் வரைந்த ஒன்றை விரித்தபோது அதில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதான். அதை வாங்கியிருக்கலாம், ஆனால் அம்மா அளவைப் பார்த்துவிட்டு, பாதி ரோடு கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்றார். கடைக்காரர் கடைசியில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் காட்ட அவரிடம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவின் போனில் தேடிக்கொண்டே வந்தேன். திருமயம் தாண்டும்போது அது வந்தது. மாமா, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், இருந்தாலும் ஒருமுறை நான் வர்ணிக்க வேண்டும். ஓரத்தைச் சுற்றி அ முதல் ஔ வரை. உள்ளே வரிசையாகப் பதினெட்டு மெய்யெழுத்து, ஆனால் புள்ளி இல்லாமல், க, ங, ச, ஞ என்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறக் கட்டத்துக்குள். நட்டநடுவில் ஃ, மூன்று கண்ணோடு, எல்லாரையும் பார்த்துக்கொண்டு. நான் போனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன், கண்டக்டர் நான் இறங்கப்போவதாக நினைத்து விசில் அடித்துவிட்டார். தம்பி யூ.கே.ஜி.யில் இன்னும் 'அ'வையும் 'ஆ'வையும் ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். தரையெல்லாம் எழுத்து கிடந்தால் தானாகப் படித்துவிடுவான் என்று நான் சொன்னேன். அம்மாவும் சரி என்றார். நீங்களும் சரி என்றீர்கள். மூன்று பேர் யோசித்து, மூன்று பேருக்கும் தோன்றாத ஒன்று, செவந்தி அத்தைக்குப் பார்த்த நொடியிலேயே தோன்றிவிட்டது.

புதுமனை அன்று நீங்கள் இல்லாத குறை தெரியக்கூடாது என்று உங்கள் பங்காளிகள் பிள்ளையார் கோவிலிலிருந்து மேளத்தோடு சீர் கொண்டுவந்தார்கள். முன்னால் பழத்தட்டு, பூத்தட்டு, குத்துவிளக்கு. நடுவில் உங்கள் கம்பளம், சுருட்டியபடி, கூரியர்க்காரர்கள் ஒட்டிய பிளாஸ்டிக்கோடு, பட்டுத்துண்டு சுற்றி, உங்கள் சித்தப்பாவின் தலையில். பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள், ஒருவர் தேக்குமரம் என்றே முடிவு செய்துவிட்டார். சீரை எல்லாரும் பார்க்க வேண்டும் அல்லவா, அதனால் ஹாலில் நடுவில் விரித்தார்கள். மாமா, அந்த ஒரு நிமிடம் மிக அழகாக இருந்தது. எல்லாரும் ஆகா என்றார்கள். இரண்டு பேர் அதில் ஏறி நின்று பஞ்சுபோல இருக்கிறது என்றார்கள். செவந்தி அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏற்கெனவே அவருக்கு, தாய்மாமன் சீர் என்றால் அண்டா வரும், பீரோ வரும், கால்மிதியையா மேளம் வைத்துக் கொண்டுவருவார்கள் என்று ஒரு மனக்குறை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஏ ராசலச்சுமி, இது எழுத்துல்ல. சரசுவதிய தரையில போட்டு மிதிக்கவா ஒந்தம்பி ஷார்ஜாவுலருந்து அனுப்பியிருக்காரு?"

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஏறி நின்ற இருவரும் சூடு பட்டமாதிரி இறங்கி, மிதித்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து, மிதிக்காதவர்களும் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். யாரோ நடு ஃ-மேல் ஒரு முழம் பூ வைத்தார்கள். அதற்குப் பிறகு சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் அங்கே ஏற்கெனவே ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டு, திருநீறு எங்கே என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்றால், கம்பளம் அறையில் இருக்கிறது, நாங்கள் சுவரோரம் இருக்கிறோம். கம்பளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பாதம் வைக்கிற அளவு டைல்ஸ் மிச்சம். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில், நண்டு மாதிரி நடந்து கட்டிலுக்குப் போகிறோம். அம்மாவும் அப்படியே நடந்துதான் கூட்டுகிறார். தம்பிக்கு இது ஞாபகமே இருப்பதில்லை, நேராக ஓடிவருவான், பாதியில் அம்மாவின் குரல் கேட்கும், நின்று, காலுக்குக் கீழே இருக்கும் எழுத்தின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னொரு காலை அடுத்த எழுத்தில் ஊன்றித்தான் குனிய முடிகிறது, ஆகவே அதனிடமும் கேட்க வேண்டும். இப்படியே கதவு வரை. நான் ஒரு யோசனை சொன்னேன். ங-வை வைத்து யாரும் பெயர்கூட வைப்பதில்லை, அதனால் ங-வை மட்டும் மிதித்துத் தாண்டினால் பாவம் குறைவாகத்தான் இருக்கும் என்றேன். அதற்கு அத்தை, "சின்னச் சாமிக்குத்தேன் ஆத்தா கோவம் அதிகம்" என்று சொல்லிவிட்டார். அத்தை, நீங்கள் மட்டும் சாப்பிடும்போது நியூஸ்பேப்பர் விரித்து உட்காருகிறீர்களே, அதில் எழுத்து இல்லையா என்று கேட்டேன். ராசிபலன் பக்கம் இல்லாமல் பார்த்துத்தான் விரிப்பாராம்.

இனிமேல் வருவதுதான் நண்பர்களுக்குப் படிக்கக்கூடாத பகுதி. போன திங்கட்கிழமை காலையில் தம்பி அவசரமாக எழுந்தான். எதற்கு அவசரம் என்று உங்களுக்குப் புரியும். சுவரோரம் போக நேரம் இல்லை, நேராக இறங்கிவிட்டான். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். பாவம் மாமா, நல்ல பிள்ளை, நின்றான், மன்னிப்புக் கேட்டான், அடுத்த எழுத்து, மன்னிப்பு, அடுத்தது, காலைப் பின்னிக்கொண்டு ஞ-விடம் கேட்டான், அதோடு முடிந்துவிட்டது. எந்த எழுத்தில் நடந்தது என்று நான் எழுதுவதாக இல்லை. உங்கள் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அம்மா உடனே அலசி, அத்தை சொன்னபடி மஞ்சள் தண்ணீரும் தெளித்தார், இப்போது அந்தக் கட்டம் மட்டும் வேறு நிறம். அதுவரை, மிதிக்க முடியாவிட்டால் என்ன, பூஜை அறையிலாவது வைக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாம் என்றால் ச-வில் நடந்ததை அவர்களிடம் சொல்லாமல் அனுப்புவது நியாயம் இல்லை, சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். திருப்பிப் போடலாம் என்றேன், சரஸ்வதியைக் குப்புறவா என்றார் அத்தை. சுவரில் மாட்டலாம் என்றேன், புதுச்சுவரில் ஆணியா என்றார் அப்பா.

நேற்று அப்பா வயலிலிருந்து வந்து கதவில் நின்று, நாங்கள் இருவரும் நண்டு நடை நடப்பதைச் சிறிது நேரம் பார்த்தார். "புள்ளைகளும் நடக்க முடியல, நாங்களும் நடக்க முடியல. அப்பறம் இந்த ரூமு யாருக்கு? சனிக்கிழமை நெல்லு வருது, இங்கிட்டே அடுக்கிருவோம். நீங்க எப்பயும் போல ஹால்ல படுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். ரொம்ப அன்பாகச் சொன்னார். என் மேசையில் இப்போதே இரண்டு காலிச்சாக்கு கிடக்கிறது.

அதனால் நான் வெட்கத்தை விட்டு உங்களிடம் இன்னொரு கம்பளம் கேட்கிறேன். இந்த முறை நன்றாக ஆராய்ந்துவிட்டேன். எழுத்து கூடாது. தாமரை கூடாது, லட்சுமி உட்காரும் இடம். மயில் முருகனுக்கு, யானை பிள்ளையாருக்கு என்று நினைத்து எலியைப் பார்த்தால் அதுவும் பிள்ளையாருக்கு. மாடு சிவனுக்கு, நாய் பைரவருக்கு, சிங்கம் அம்மனுக்கு. சரி, யாருக்கும் பிடிக்காததைப் பார்ப்போம் என்று காக்காயைச் சொன்னேன், சனீஸ்வரனைப் போய் மிதிக்கிறேன் என்கிறாயே, உனக்கு என்ன தைரியம் என்றார் அத்தை. எருமை எமனுக்கு. நிலாவும் சூரியனும் நேரடியாகவே சாமி. வெறும் ஒரே நிறமாக வாங்கலாம் என்றால், படம் எதுவும் இல்லாவிட்டால் தம்பி தானே பேனாவால் வரைந்துவிடுவான், அவன் எதை வரைவான் என்று நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் ஒட்டகம் மட்டும் மிஞ்சியது. எனக்குத் தெரிந்தவரை ஒட்டகத்தில் எந்தச் சாமியும் ஏறவில்லை. அத்தையிடம் போய்க் கேட்டேன். வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு, "ஒட்டகத்த மிதிக்கலாம்" என்றார். உங்கள் ஊரில் ஒட்டகத்துக்குப் பஞ்சம் இருக்காது. ஆகவே அடியில் ரப்பர் வைத்த, ஒட்டகப் படம் போட்ட கம்பளம் ஒன்றை உடனே அனுப்பும்படியும், அது வரும்வரை நெல்லைத் தள்ளிவைக்கும்படி அப்பாவிடம் போனில் பேசும்படியும் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டகம் சிரித்த முகமாக இருந்தால் நல்லது, தம்பி பயப்பட மாட்டான்.

வெயிலில் நிற்கும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்களுக்கு என் வணக்கம். நீங்கள் நோய்நொடி இல்லாமல், லீவோடும் இருக்க எல்லாச் சாமிகளும், அவர்களுடைய எல்லா வாகனங்களும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சுவரோரம் நின்று எழுதும்
உங்கள் அன்பு மருமகள்,
ப. அன்புமொழி.

பின்குறிப்பு: மாமா, இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப அம்மாவின் போன் வேண்டும், போன் தம்பியிடம், தம்பி அதற்குச் சார்ஜ் போடுவதில்லை. இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்பாவிடம் பேசிவிடாதீர்கள்.

காலையில் டிராக்டர் வந்தது. மூட்டை தூக்கும் ஆண்டிச்சாமி அண்ணன் முதல் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். நான் புத்தகங்களைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். என்னமோ எழுதிக் கிடக்கிறதே, இதில் எப்படிக் கால் வைப்பது என்றார். சுருட்டிப் பூஜை அறையில் போடு என்றார் அப்பா. அதற்குள் எல்லாருக்கும் டீ கொண்டுவந்த செவந்தி அத்தை, மஞ்சள் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, இதையா பூஜை அறையில் வைப்பாய் என்றார். அப்படியானால் ஹாலில் விரி என்றார் அப்பா. ஹாலில் விரித்தால் நான் எங்கிட்டு நடப்பது என்றார் அத்தை. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, நெல்லை அதன் மேலேயே அடுக்குகிறேன் என்றார். மாமா, இனி அத்தை அப்பாவிடம் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அத்தையைப் பற்றி மேலே நான் எழுதியது எல்லாம் இதனால் சரியாகிவிட்டது.

"தம்பி, நெல்லு லச்சுமி. உள்ள இருக்கிறது சரசுவதி. ரெண்டு பேரும் ஒரு எடத்துல இருக்க மாட்டாகன்னு ஒனக்குத் தெரியாதா? ஒரே ரூமுல போட்டு அடைக்கப் போறேங்குற. ஒவ்வீட்டுல நடக்குற சண்ட பத்தலையாக்கும்?"

ஆண்டிச்சாமி அண்ணன், "அண்ணே, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, முதுகு விட்டுப்போகுது" என்றார். கடைசியில் மூட்டை எல்லாம் அப்பாவின் அறைக்குப் போயிற்று. ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது, கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. நான் என் புத்தகங்களை அவிழ்த்து மேசையில் மறுபடி அடுக்கினேன், உயரப்படி ஒருமுறை, நிறப்படி ஒருமுறை.

இப்போது மத்தியானம். சாப்பிட்டு முடித்து அப்பா தலையணையோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் கண்ணயரட்டுமா என்று என்னிடம் கேட்டார், மாமா, என்னிடம். வாங்கப்பா என்றேன். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார், பழக்கம் இல்லை, பாதியில் கால் தவறிக் கம்பளத்தில் ஊன்றிவிட்டார். கட்டிலில் படுத்திருந்த தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தான். "அப்பா, அது 'ப'. மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்றான். அவன் சொன்னது சரிதான், அது 'ப'தான். பழனிச்சாமியாகிய அப்பா குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒட்டகம் வேண்டாம் மாமா.